அணைக்கக் கூடாத பல்ப்

போன வெள்ளிக்கிழமை, கரெண்ட் எப்போது போகும் என்று காலையிலிருந்து காத்திருந்தேன்.

சித்தூரில் கரெண்ட் போவதற்குக் காத்திருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். விஷயத்தைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு மெயின் போர்டு அப்பா காலத்தது. மரப்பலகை, அதில் வரிசையாகப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். இரண்டு ஃபேன், நாலு பல்ப் இருந்த வீட்டுக்கு அது போதும். தம்பி சேகர் குவைத்துக்குப் போனான்... ஃபிரிட்ஜ் வந்தது, கலர் டிவி வந்தது, வாஷிங் மெஷினும் வந்தது. போர்டு மட்டும் மாறவில்லை. இந்தக் கோடையில் அந்தப் பக்கம் கருகல் வாசனை வர ஆரம்பித்தது. போர்டுக்கு நேர் கீழேதான் அம்மாவின் கட்டில்! எனக்குத் தூக்கமே போய்விட்டது.

எலக்ட்ரீஷியன் முனிரத்தினத்தைக் கூட்டி வந்தேன்.

"இது இன்னும் எரியாம கீறதே பெருசு சார். மொத்தமா எடுத்துட்டு புது பாக்ஸ் வெச்சுடலாம். மெயினை ஆஃப் பண்ணுங்க."

"ஆஃப் பண்றதா? அதெல்லாம் முடியாது," என்றாள் அம்மா.

போர்டுக்குப் பக்கத்தில் காணிப்பாக்கம் பிள்ளையார் படம். அதன் மேல் ஒரு சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்ப். சேகர் விமானம் ஏறிய அன்று அம்மா போட்டது. அவன் மொத்தமாகத் திரும்பி வரும்வரை நம் கையால் அதை அணைக்கக் கூடாது — வேண்டுதல்! வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்யும் சேகரே, "இன்னாம்மா, பல்ப் எரியுதா?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பான். கிண்டல்தானே என்று நான் சிரித்துக்கொள்வேன்.

"தினமும் கரெண்ட் போகுதேம்மா, அப்போ அது அணையலையா?" என்றேன்.

"அது கவர்மெண்ட் அணைக்கறது. அந்தப் பாவம் அவுங்களுக்கு. நம்ம கை படக் கூடாது."

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? முனிரத்தினம்தான் வழி கண்டுபிடித்தார்.

"அப்போ கவர்மெண்டே அணைக்கட்டும்மா. அப்புறமா நான் மீட்டர்கிட்ட ஃபியூஸைப் புடுங்கிட்டு வேலையைப் பாக்கறேன்."

தினமும் காலையிலேயே போகிற கரெண்ட், அன்றைக்கென்று அசையவில்லை. டீ குடித்தோம், சாப்பிட்டோம், மறுபடி டீ குடித்தோம். "இன்னா சார், இன்னிக்கு கரெண்ட் போகவே இல்ல!" என்று எதிர்வீட்டுக்காரர் சந்தோஷமாகச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மத்தியானத்துக்கு மேல் ஒருவழியாக ஃபேன் நின்றது. கைதட்டினேன்.

சாயங்காலம் புது பாக்ஸ் தயார். கரெண்டும் வந்தது. முனிரத்தினம் ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளினார். ஹால் எரிந்தது. சமையலறை எரிந்தது. கடைசியாகப் பிள்ளையார் பல்பின் ஸ்விட்ச் — டப்! தானாகவே கீழே விழுந்துவிட்டது. மறுபடி தள்ளினார். மறுபடி டப்!

"எலி கடிச்சு இந்த ஒயர் உள்ள கருகிக் கீதும்மா. வாசனையே இதுலேருந்துதான். நாளைக்கு வேற ஒயர் கொண்டாறேன்."

வீடு முழுக்க வெளிச்சம். அந்த ஒரு பல்ப் மட்டும் இருட்டு. "அங்க அவனுக்கு இன்னா ஆச்சோ..." என்று அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள். ரிசீவரைத் தாண்டி சேகரின் குரல் எனக்கே கேட்டது.

"இன்னாம்மா, பல்ப் எரியுதா?"

அம்மா படத்தை ஒருமுறை பார்த்தாள். "எரியுதுடா. நீ துன்னியா?"

போனை வைத்ததும் கேட்டேன்: "ஏம்மா பொய் சொன்னே? அவன் கிண்டலுக்குத்தானே கேக்கறான்?"

"வாரா வாரம் அதையே கேக்கறவன் கிண்டலுக்கா கேக்கறான்? எரியலன்னு சொன்னா, அங்க தனியா பயந்துக்கினு கெடப்பான்டா."

இத்தனை நாளும் அந்தப் பல்ப் அம்மாவின் தைரியத்துக்கு என்றே நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் முனிரத்தினம் ஒயரோடு வந்தார். "கரெண்ட் போற வரைக்கும் உக்காந்துக்கினு இருக்கேம்மா," என்றார்.

அம்மா நேராகப் போய் மெயினைத் தன் கையாலேயே அணைத்தாள்.

"சீக்கிரம் போடுப்பா... எரியுதுன்னு சொல்லிட்டேன்."