தள்ளிப் பார்த்த வண்டி

பெரம்பலூர் கடையில் மகளுக்கு ஸ்கூட்டர் பார்த்துக்கொண்டிருந்தோம். கல்லூரிக்குக் கேமராவும் விளக்குகளும் சுமக்கிறவள். விற்பனையாளர் மைலேஜ் சொல்லச் சொல்ல, என் கை தானாக ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியைத் தள்ளியது.

1981, ஆனி மாதம். அரியலூரில் இதே புது ரப்பர் வாசம் வீசிய ஒரு கடை. அண்ணன் கல்லூரியில் நிலவியல் படித்தான். வாரந்தோறும் கல்மூட்டையோடு வீடு வருவான். அவன் கேட்ட மொபெட்டில், அன்று கொண்டுவந்திருந்த மூட்டையை வைத்து அப்பா தள்ளிப் பார்த்தார்.

"கனக்குதுடா. சைக்கிளே எடுத்துக்க."

"ஓட்டுறதுக்குத்தானப்பா வண்டி?"

"மேலத்தெருவுல காலனிக்காரன எவன்டா ஓட்ட வுடுவான்? தெரு முடியறவரைக்கும் தள்ளணும்ல?"

அண்ணன் மொபெட்டைத்தான் எடுத்தான். அன்று மாலையே மேலத்தெருவில் ஒருவன் குறுக்கே நின்றான். அண்ணனைவிட இளையவன்.

"எறங்குடா. காலேஜு போனா காலு தரையில படாதோ?"

அண்ணன் இறங்கவில்லை. வண்டியைத் திருப்பி, பஸ் ரோட்டு டீக்கடையில் நிறுத்திவிட்டு, மூட்டையைத் தலையில் சுமந்து வயல் வழியாக வந்தான். படிப்பு முடியும்வரை அப்படித்தான். கல் சுமந்தான், வண்டியைத் தள்ளவில்லை. அந்தத் தெருவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"ஏம்ப்பா தள்ளுறீங்க? ஓட்டிப் பாருங்க" என்றாள் மகள்.

"நீ ஓட்டும்மா. ஹாரன் நல்லா அடிக்குதான்னு மட்டும் பாரு. மேலத்தெரு வழியாத்தான் வூட்டுக்குப் போறோம்."