இசக்கிதுரையின் வெந்நீர்த் தொட்டி

கொச்சங்காடியில் நான் சமையல் வேலை பார்க்கும் ஹோம்ஸ்டேயின் மொட்டைமாடியில் ஒரு வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. பேருக்குத்தான் ஷமீல் முதலாளி. மாடியில் நடப்பது தொட்டியைக் கவனிக்கும் இசக்கிதுரையின் ராஜ்ஜியம்.

தென்காசிப் பக்கத்துக்காரன். மிதக்கும் டப்பாவில் கிருமி கொல்லும் புரோமின் வில்லை போடுவான். மருந்தளவு காட்டும் காகிதப் பட்டையைத் தண்ணீரில் முக்கி எடுப்பான்; நிறம் சரியில்லையென்றால் எவரையும் இறங்க விடமாட்டான். ஆட்கள் குளித்துப் போனதும் ஷாக் பொடியைக் கரைத்து ஊற்றி, மோட்டாரை ஓடவிட்டு, மூடியைத் திறந்து வைத்துக் காவல் நிற்பான். வியர்வை, கிரீம் எல்லாவற்றையும் அந்தப் பொடி எரித்துவிடுமாம். புரோமினுக்கு மறுபடி தெம்பு வருமாம். அவனுக்கு ஜென்ம விரோதி எண்ணெய்தான்; அது பட்டால் தண்ணீர் நுரைத்துக் கெட்டுவிடுமாம். தலையில் கொஞ்சம் மினுங்கினாலும், "சேட்டா, கீழ போய் நல்லா கழுவிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவான். ஷமீலையே அனுப்பியிருக்கிறான். திமிர் பிடித்தவன் என்று நானே வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன்.

அவன் பெண்டாட்டி இசக்கிசெல்விக்கு இறால் உரிக்கும் கொட்டகையில் நாள் முழுக்க நின்றே வேலை. இடுப்புவலியில் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. ஒருதரம் அந்த வெந்நீரில் உட்கார்ந்தால் அவளுக்கு ஆறுமே என்று இவனுக்கு ஆசை. வாய்திறந்து கேட்கக் கூச்சம். நான்தான் ஷமீலிடம் போய்ச் சண்டை பிடித்தேன்.

"சரி ரம்லத் இத்தா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கெஸ்ட் யாரும் இல்ல. அன்னைக்கு மட்டும்" என்றான். அக்கா முறையில் என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

ஞாயிறு முழுக்க இசக்கிதுரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டையை முக்கி முக்கிப் பார்த்தான். தண்ணீரில் அடித்தளம் பளிச்சென்று தெரிந்தது. சாயங்காலம் செல்வி படியேறி வந்தாள். யா அல்லாஹ்! உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை நல்லெண்ணெய். நெற்றியில் வழிகிறது.

"என்ன புள்ள இது?" என்றான் அவன்.

"குளிக்கத்தான கூப்பிட்டிய? எண்ணெ தேய்க்காம யாராவது குளிக்க வருவாவளா?"

அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம்னா போயிருதேன்" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"டேய், அவள திருப்பி அனுப்பினியோ, நாளைலேர்ந்து உனக்குச் சாயா கிடையாது!"

அவன் என் பக்கம் பார்க்கவே இல்லை. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான். "வா புள்ள. இறங்கு."

மோட்டார் ஓட ஓட நுரை பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்தது. செல்வி கழுத்துவரை அமிழ்ந்து கண்ணை மூடினாள். "யம்மா... வலி எங்க போச்சுன்னே தெரியல" என்று சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்களும் வாங்களேன்" என்றாள்.

இத்தனை காலம் அந்தத் தொட்டியைக் காத்தவன் ஒருநாளும் அதில் கால் வைத்ததில்லை. பொடி டப்பாவைப் பார்த்தான். நுரையைப் பார்த்தான். சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான்.

"எப்படியும் தண்ணிய மாத்தி மருந்து கலக்கத்தான் போறேன்... ரம்லத்தக்கா, அடுக்களைல நல்லெண்ணெ இருக்கா?"