பஞ்சு பூத்த தாள்

செடியின் தடித்த தண்டைப் பசை தாங்காது. அதற்கு ஊசி நூல்தான். தாளின் பின்புறமிருந்து ஊசியை ஏற்றி, தண்டைச் சுற்றி இறக்கி, முடிச்சையும் பின்பக்கமே போடுகிறார் அக்கா. "முடிச்சு முன்னாடி தெரிஞ்சா அது செடி இல்ல, பொட்டலம்" என்பார்.

தாவரவியல் துறையில், அழுத்திக் காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் அறை அது. இருபத்தாறு வருடமாக அதே ஜன்னலோர மேசை. எல்லாருக்கும் அவர் பசையக்கா. படிப்பு எட்டாவதுதான். ஆனால் செடியை மோந்து பார்த்தே, இன்னும் ஈரம் இருக்கிறதென்று திருப்பி அனுப்பிவிடுவார்.

சூரியகாந்திக் குடும்பத்துச் செடி வந்தால் மட்டும் முகம் சுளிக்கும். "இதுங்க செத்தும் அடங்காதுங்க. விரிஞ்ச பூவை அமுக்கி வெச்சா உள்ளேயே காய் கட்டிப் பஞ்சாப் போயிடும். மொட்டாப் பாத்துக் கொண்டாங்க."

இந்தப் பாடம் துறையின் ஜீப் ஓட்டுநரால் வந்தது. ஒருமுறை மலைச்சரிவில் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த காட்டுப் புதர்ச்செடியில் ஒரு கிளை ஒடித்து, நன்றாக விரிந்த பூவாகவே பொறுக்கி, அழுத்தும் பலகைக்குள் தானே வைத்து இறுக்கிக் கொண்டுவந்தார். ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் மஞ்சள் என்று சொல்ல ஒன்றுமில்லை. பஞ்சு பறந்து அக்காவின் தலையெல்லாம் வெள்ளை.

"பூ கொண்டாந்தேன்னீங்க. தலையணையில்ல கொண்டாந்திருக்கீங்க?"

"இப்பவே நரைச்சுட்டீங்க. இனிமே என்னை விட்டா உங்களை யாரு கட்டிக்குவா?"

கட்டிக்கொண்டார். காம்போடு தங்கிய மிச்சப் பஞ்சை அக்கா தாளில் ஒட்டினார். தாளின் மூலையில் ஒட்டும் விவரச் சீட்டில் இடமும் தேதியும் எழுதியாயிற்று. சேகரித்தவர் பெயர் மட்டும் காலி. "வண்டி ஓட்டறவன் பேரு அதுல எதுக்கு?" என்று ஓட்டுநர் மறுத்துவிட்டார். அவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது.

போன வாரம், புதிதாய் வந்த அதிகாரி அலமாரியில் வேண்டாததைக் கழித்துக் கட்டும்போது அந்தத் தாளை வெளியே எடுத்தார். "அக்கா, இதுல பூவும் இல்ல, பேரும் இல்ல. தூக்கிப் போட்டுடலாமா?"

அக்கா ஊசியைக் கீழே வைத்தார். "காய் இருக்குதுங்க மேடம். லென்ஸ் வெச்சுப் பாருங்க. இந்தக் குடும்பத்துக்குக் காயும் பஞ்சும்தானே அடையாளம்?"

அதிகாரி வெகுநேரம் குனிந்து பார்த்தார். "அடடா, ஒண்ணுகூடச் சேதமில்ல! ஆனா யாரு எடுத்ததுன்னு தெரியாத தாள் செல்லாதேக்கா."

"தெரியுங்க."

அதிகாரி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் பேனாவை நீட்டினார்.

அக்கா பெயரை எழுதினார். பக்கத்திலேயே 'ஜீப் ஓட்டுநர்' என்றும் எழுதினார். மை ஈரமாக மினுங்கியது. ஊதிக் காயவைக்க உதடு தானாகக் குவிந்தது. பஞ்சு கண்ணில் பட்டதும் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மை காயும்வரை அப்படியே நின்றார்.