சீகிரியாவுக்கு ஒரு வான்

இன்று காலை வெள்ளவத்தை ஒழுங்கையில் வாடகை வான் புறப்பட்டபோது, சில்லுக்கடியில் வைத்த தேசிக்காய் நசுங்கி மணத்தது. அந்த மணத்தில் எனக்கு மறுபடி பத்து வயதாகிவிட்டது.

அந்தப் பத்து வயதிலும் சீகிரியாவுக்குத்தான் வெளிக்கிட்டோம். குருநாகலில் அப்பா வானை நிறுத்தச் சொன்னார். அவருடைய ஒன்றுவிட்ட அக்கா வீடு அங்கே இருந்தது.

"வாசலால போய் எட்டிப் பாக்கேல்லையெண்டால், நாளைக்குச் செத்தவீட்டுக்கும் வராதுகள்" என்றார்.

அந்த மாமி "தேத்தண்ணி மட்டும்தான்" என்று சத்தியம் செய்துவிட்டு, கோழி பிடிக்கப் பின்வளவுக்குப் போனார். நான் வானுக்குள் இருந்து அழுதேன். குழம்பு மணத்ததும் இறங்கிப்போய் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சீகிரியாவை அடைந்தபோது வாயிலைப் பூட்டிவிட்டார்கள். மைம்மல் இருட்டில் மலை கறுப்பாகத் தெரிந்தது.

"பாத்தாச்சுத்தானே, பெரிய கல்லு" என்றார் அப்பா.

இந்த வயதில், முழங்கால் என்னை முற்றாகக் கைவிடுமுன் அந்தக் கல்லில் ஒருமுறை ஏறிவிட வேண்டும். அதற்காகவே இம்முறை பயணத்தைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை. குருநாகல் றோடு பிரியும் அம்பேபுஸ்ஸ சந்தியை நெருங்கும்போது மனைவி கைபேசியை வைத்தாள்.

"மாத்தளையில தங்கச்சி சமைக்கத் தொடங்கிட்டாளாம்."

"மாத்தளை எங்கட வழியிலயே இல்லையப்பா!"

"திரும்பாமல் கண்டி றோட்டால நேர போனால் வழிதானே."

"அப்ப சீகிரியா?"

"கல்லு கோவிக்காது. அவள் கோவிப்பாள்."

குருநாகல் பக்கம் திரும்பப் போட்டிருந்த சிக்னலைச் சாரதி அணைத்தார்.

"அக்கா, ஆடோ கோழியோ?" என்று மனைவியிடம் கேட்டார்.