நான்காமவனின் பை

முப்பத்தோராண்டுகள் பிறர் எழுதியதைத் திருத்தியே வாழ்ந்தவன் நான். ஒற்றுப் பிழையையே பொறுக்காதவன் பொய்யைப் பொறுப்பேனா? நான் இங்கே எழுதுவதில் ஒரு சொல்லும் மிகையில்லை. நம்ப இயலாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம், எனக்கு வருத்தமில்லை. என் சொல்லை நம்பாதவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

என் ஒரே மகளுக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சிரைப்பு. இரைப்பு வந்துவிட்டால் படுக்கவும் முடியாது, ஓடியாடவும் முடியாது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, கைக்குள் அடங்கும் வீடியோ கேம் ஒன்றை ஆடிக்கொண்டிருப்பாள். நான்கு பேர் ஊர் ஊராய் அலைந்து அரக்கர்களோடு பொருதும் பழைய விளையாட்டு அது. நால்வருக்கும் நாமே பெயர் வைக்கலாம். முதலாமவர் அப்பா, அடுத்தவர் அம்மா, மருத்துவச்சி அவளே. நான்காமவனுக்கு 'யாரோ' என்று வைத்திருந்தாள். திருமணத்துக்குப் பின் ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கி, அவ்விடத்தில் கணவன் பெயரை வைத்தாள். "யாரோவுக்கு ஒருவழியா ஆள் கெடச்சாச்சுப்பா" என்று தொலைபேசியில் சிரித்தாள்.

அவ்விளையாட்டில் ஒரு விதி உண்டு. அவரவர் மருந்து அவரவர் பையில். பக்கத்தில் நிற்பவர் செத்துக்கொண்டிருந்தாலும், வைத்திருப்பவன் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. இதை எனக்குக் கற்றுத் தந்தவள் அவள்தான்.

சென்ற ஆண்டு அவள் இறந்தாள். மூச்சுத் திணறல். "இன்ஹேலர் தீர்ந்துபோச்சு மாமா. வீடு பூரா தேடிட்டேன், வேற ஒண்ணு கெடைக்கல" என்றான் மாப்பிள்ளை. என் மகள் இன்ஹேலரைத் தீரவிடுபவள் அல்லள். புதியது ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கும். அதைச் சொன்னேன். துக்கத்தில் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் உறவினர்கள். ஏழாம் மாதமே அவன் மறுமணம் செய்துகொண்டான். அதே உறவினர்கள் போய் வயிறார உண்டு வாழ்த்திவிட்டு வந்தார்கள். என் மகள் என்ன ஆனாள் என்பதைத் தெரிந்துகொள்ள நான் ஒருவன்தான் மிச்சம்.

அவளுடைய பொருள்களை ஓர் அட்டைப் பெட்டியில் திணித்துக் கூரியரில் அனுப்பியிருந்தான். உடைந்த சீப்பு, தேய்ந்த செருப்பு, சில துணிகள், அந்த விளையாட்டுக் கருவி.

"அதைப் போடாதீங்க. அவ விட்ட எடத்துலயே இருக்கட்டும்" என்றாள் என் மனைவி.

"விட்ட இடம் எதுன்னு பார்க்க வேணாமா?"

"பார்த்து? பரீட்சைப் பேப்பரா, திருத்தி மார்க்கு போடறதுக்கு?"

அவள் சமையலறைக்குள் போனதும் புதிய பேட்டரிகளைப் போட்டேன். மாலை ஐந்தேகால். சன்னலில் நல்ல வெளிச்சம் இருந்தது.

நால்வரும் ஒரு சத்திரத்து அறையில் நின்றிருந்தார்கள். சத்திரத்தில் மெல்லிய இசை ஒலிக்க வேண்டும். எனக்கு அது மனப்பாடம். ஒலிக்கவில்லை. வேறோர் ஒலி வந்தது.

ஹ்ஹீ... ஹ்ஹீ...

ஸ்பீக்கர் பழுதென்று எண்ணினேன். ஒலியை முற்றிலும் குறைத்தேன்.

நிற்கவில்லை.

மருத்துவச்சியின் உயிர்ப் புள்ளிகள் ஒன்பது. சண்டையில்தான் புள்ளி குறையும். சத்திரத்தில் ஒருபோதும் குறையாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டாயிற்று. ஏழாயிற்று...

பைகளைத் திறந்தேன். அப்பாவின் பை காலி. அம்மாவின் பை காலி. அவளுடையதும் காலி.

நான்காமவனின் பையில் ஒரே ஒரு பொருள். நீல நிறத்தில்.

அதைத் தேர்ந்து, அவளுக்குக் கொடுக்கும் பொத்தானை அழுத்தினேன். நகரவில்லை. மீண்டும் அழுத்தினேன்.

நகரவில்லை.

நான்கு.

மற்ற மூவரும் என்னைப் பார்த்து நின்றார்கள். அவன் மட்டும் முதுகைக் காட்டினான்.

ஹ்ஹீ...

"கொடுடா!" என்று கத்தினேன்.

இரண்டு.

ஒன்று.

ஒலி நின்றது. திரை அணைந்தது.

நிமிர்ந்தேன். சமையலறை வாசலில் மனைவி, கையில் கரண்டியோடு.

"என்னங்க மரம் மாதிரி உக்காந்திருக்கீங்க? புள்ள மூச்சு விட முடியாம தவிக்கறா... இன்ஹேலரை எடுத்துக் குடுங்களேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை கருவியைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன்.

"நீல மருந்தா? இந்த கேம்ல எல்லா மருந்தும் சிவப்புதான் சார். நான் மூணு தடவை முடிச்சவன்" என்று சிரித்துக்கொண்டே கருவியை இயக்கினார். சிரிப்பு மங்கியது. "யாரோட ஆட்டத்தைச் சொல்றீங்க? இதுல எதுவுமே சேமிச்சு வைக்கலையே."

நால்வரும் இல்லை. அவள் வைத்த பெயர்களும் இல்லை. எனக்கு எஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதையும் நானே திறந்து தொலைத்தேன் என்று நொந்தபடி வீடு திரும்பினேன்.

அன்று மாலை தொலைபேசி ஒலித்தது. மாப்பிள்ளையின் புது மனைவி. அதுவரை அவளோடு நான் ஒரு சொல்லும் பேசியதில்லை.

"சார், அவர் குளிச்சிட்டிருக்காரு. சீக்கிரம் சொல்லிடறேன்." குரல் தாழ்ந்திருந்தது. "அவரோட பழைய கோட்டு உள்பையில ஒரு இன்ஹேலர் இருக்கு. நீல கலரு. உங்க பொண்ணு பேரு ஒட்டியிருக்கு. சீலே பிரிக்கல."

"அந்தக் கோட்டை எதுக்கும்மா எடுத்தே?" என்று மட்டும் கேட்டேன்.

"நான் தேடிப் போகல சார். நேத்து சாயங்காலம் பீரோவுக்குள்ள யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடற சத்தம்... அதான் தெறந்தேன்."

"இப்ப?"

"இன்னும் நிக்கல சார். ராத்திரி பூரா கேட்டுச்சு. அதே ரூம்லதான் அவரும் படுத்திருந்தாரு..."

மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அவருக்கு மட்டும் கேக்கவே மாட்டேங்குது."