சுண்ணாம்பு டீச்சர்

பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் களப்பணி என்பது, கூப்பிடாத இடத்துக்குப் போய், கேட்காத யோசனையைச் சொல்லிவிட்டு, அவர்கள் கொடுக்கும் டீயையும் குடித்துவிட்டு வருகிற தொழில். ஊருக்கு நல்லது செய்யப் புறப்பட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பிய என் இனத்தார் தமிழ்நாடு முழுக்க இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

சுற்றுவட்டாரத் தொழில்களுக்கும் ஊர்களுக்கும் சுற்றுச்சூழல் கெடாமல் பிழைக்க வழி சொல்வதுதான் எங்கள் மையத்தின் வேலை. என் தலையில் விழுந்தது தாயில்பட்டிப் பக்கம் ஒரு சின்னப் பட்டாசு ஆலை. அங்கே மருந்து அடைக்கிற அறைகளில் மின்விசிறி மாட்டக் கூடாது. ஒரு பொறி போதும், எல்லாம் போய்விடும். கோடையில் அந்தக் காங்கிரீட் கூரைக்குக் கீழே உட்காருவது அடுப்புக்குள் உட்காருவதுபோல. முந்தின வருடம் கத்திரி வெயிலில் பொன்னுத்தாய் என்கிற தொழிலாளி வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே மயங்கிச் சரிந்திருந்தார். மின்சாரம் இல்லாமல் அந்த அறைகளின் சூட்டைக் குறைக்க வேண்டும், அதுவும் அடுத்த கத்திரிக்குள். முடியாவிட்டால் இந்தப் பக்கமே வரக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும்.

பாட்டில் சட்டை

முதல் நாள் மையம் கொடுத்த பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். தூக்கி எறிந்த பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கி நூலாக்கித் தைத்த சட்டை. முதுகில் ‘பூமியைக் காப்போம்’ என்று எழுதியிருக்கும். வாசலில் இருந்த செம்புத் தகட்டைத் தொடச் சொன்னார் போர்மேன் முத்தையா. உடம்பில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும், அப்புறம்தான் உள்ளே விடுவார்கள். நான் தகட்டைத் தொடுவதற்குள் அவர் என் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டார். எத்தனை பாட்டில்களை மறுசுழற்சி செய்து இதைத் தைத்தார்கள் என்று நான் பெருமையாக விளக்க ஆரம்பித்தேன். பாலியெஸ்டர் உரசினால் பொறி பறக்கும் என்பதால் அங்கே பருத்தியைத் தவிர எதுவும் உள்ளே போக முடியாது. இது அங்கே வேலைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியவில்லை.

சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பெண்கள் அங்கே வேலை பார்ப்பார்கள். பொன்னுத்தாய் தன்னிடம் இருந்த இன்னொரு சட்டையைக் கொடுத்தார். காவலாளி அறைக்குள் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். முத்தையா என் பச்சைச் சட்டையை ஒரு குச்சியால் தூக்கி வேலிக்கு வெளியே தொங்கவிட்டுவிட்டுச் சொன்னார்: “பூமியை அப்புறமாக் காப்பாத்துவோம் டீச்சர். மொதல்ல இந்த ரூமைக் காப்பாத்துவோம்.”

(நான் டீச்சர் இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற பெண்கள் எல்லோருமே அங்கே டீச்சர்தான்.)

இருபது வேப்பங்கன்று

சூட்டுக்கு மருந்து நிழல், நிழலுக்கு மரம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. இருபது வேப்பங்கன்றுகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். அறைகளைச் சுற்றி ஏன் வெட்டவெளியாகக் கிடக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. காய்ந்த புல்லும் சருகும் தீயை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கொண்டுபோய்விடும் என்று அங்கே ஒரு புல்கூட முளைக்க விடமாட்டார்கள்.

கன்றுகளை முத்தையா தன் ஊரான ஆமத்தூருக்கு எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் நட்டார். நன்றாகவே வளர்கின்றன. அன்றைக்கு அவர் கத்தவில்லை, கோபப்படவும் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்: “வாரம் தவறாம நாங்க புல்லைச் செதுக்கிக்கிட்டு இருக்கோம். நீங்க வருசம் பூராச் சருகு கொட்டுற சாமானைக் கொண்டாந்து எறக்குறீக.”

பன்னிரண்டாம் பக்கம்

காரியம் எதுவும் நடக்கவில்லை என்றால் எங்கள் தொழிலில் அறிக்கை எழுதுவோம். அறுபது பக்கம் எழுதினேன். வழவழப்பான தாளில், நான்கு வண்ணத்தில், ஐந்நூறு பிரதி அடிக்க வேண்டும் என்றார் எங்கள் இயக்குநர். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் காதர் பாயிடம் கொண்டுபோனேன். மனிதர் எதை அச்சடித்தாலும் முதலில் உட்கார்ந்து முழுக்கப் படிப்பார். அவ்வளவையும் படித்த ஒரே வாசகர் அவர்தான்.

படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “பன்னெண்டாம் பக்கத்துல, தொழில் பண்றவங்க காகிதத்தைச் சிக்கனமாப் பயன்படுத்தணும்னு போட்டிருக்கீக. அந்த ஒரு பக்கத்தையாவது கொறைச்சுக்கிருவமாம்மா?”

டாக்டர் பட்டம்

கடைசியில் உருப்படியாக ஒன்று தோன்றியது. கூரையில் வெள்ளை அடித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். எங்கள் மையம் சிபாரிசு செய்த பெயின்டில் எளிதில் தீப்பற்றும் எண்ணெய் கலந்திருந்தது. அதை வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். அப்படியானால் சுண்ணாம்பு என்று முடிவு செய்து, ஒரு மூட்டை சுட்ட சுண்ணாம்புக் கல்லும் ஒரு டிரம் தண்ணீருமாக ஒரு வேலை நாளில் உள்ளே போனேன். நிழல் இருக்கிறதே என்று மருந்து கலக்கும் அறையின் பின்பக்கம் உட்கார்ந்து கல்லை நீற்றத் தொடங்கினேன். சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் பட்டால் கொதிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அலுமினியப் பொடி. அந்தப் பொடியில் சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்தால் சூடேறி, ஹைட்ரஜன் கிளம்பித் தீப்பற்றும் என்று நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

டிரம்மிலிருந்து ஆவி வருவதைப் பார்த்துவிட்டு முத்தையா ஓடி வந்தார். கை வெந்துபோகும் என்றுகூடப் பார்க்காமல் டிரம்மை வெளிவாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். பெண்கள் எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். ஒரு மணி நேரம் அத்தனை பேரும் வெயிலில் நின்றார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு முத்தையா கேட்டார்: “டாக்டர் பட்டம் எதுக்குக் குடுத்தாகன்னு நான் கேக்கல டீச்சர். யாரு குடுத்தாகன்னு மட்டும் சொல்லுங்க.”

பங்குனிப் பொங்கல்

அன்றோடு என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். முதலாளியிடம் எனக்காகப் பேசியது பொன்னுத்தாய். பங்குனி மாத அம்மன் கோயில் பொங்கலுக்கு ஆலைக்கு லீவு, அறைகளில் பொட்டு மருந்து இருக்காது. சுண்ணாம்பைத் தன் வீட்டிலேயே நீற்றி, நாலு நாள் ஆறப்போட்டுக் கொண்டுவரலாம் என்றார். மழைக்குக் கரையாமல் இருக்க, தீப்பெட்டி ஆலையில் பயன்படுத்தும் வச்சிரப் பசையைக் கொஞ்சம் கலந்தால் போதும். வருடா வருடம் வீட்டுக்கு வெள்ளை அடிப்பவர்களுக்கு இதெல்லாம் பாடமே இல்லை. முதலாளி ஒரே ஓர் அறைக்குச் சம்மதித்தார், அதுவும் நான் எதையும் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு. நான் தள்ளி நின்று ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூட்டை அளக்க நான் கொண்டுபோன பேட்டரிக் கருவிக்கு அனுமதி கிடைக்கவில்லை. பொன்னுத்தாயிடம் வேறு கணக்கு இருந்தது. முன்பெல்லாம் மதியத்துக்குள் தலைத்துண்டை மூன்று முறை நனைப்பாராம், இப்போது ஒரு முறைதான். முதலாளி அதை நம்பவில்லை. ஆனால் அடுத்த வாரமே முத்தையா தலையில் கைவைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். அந்த வெள்ளைக் கூரை அறையில்தான் உட்காருவோம் என்று எல்லாப் பெண்களும் மல்லுக்கு நிற்கிறார்கள். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பதோ சட்டம். என் அறுபது பக்கமும் செய்யாததை அந்தச் சண்டை செய்தது. மறு ஞாயிற்றுக்கிழமையே எல்லாக் கூரையும் வெள்ளையாகிவிட்டது.

கத்திரி உச்சத்தில் இருந்த ஒரு நாள் சாயங்காலம், இரவல் சட்டையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பொன்னுத்தாய் வாங்கிக்கொள்ளவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு என்னோடு வாசல் வரை வந்தார். செம்புத் தகட்டுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்: “போன வருசம் இதே வாசல்ல என்னைய நாலு பேரு தூக்கிட்டுப் போனாக, சுண்ணாம்பு டீச்சர். இந்த வருசம் நானா நடந்து போறேன், பாத்துக்கிருங்க.”

எங்கள் மையத்தின் ஆண்டறிக்கையில் இது என் சாதனையாகப் பதிவாகியிருக்கிறது. அதில் என் பங்கு, சுண்ணாம்பைத் தொடாமல் இருந்தது மட்டும்தான்.