தூக்கிவிடாமல் நிற்கிற வேலை

டெல்லியில் நான் வேலை பார்க்கிற காலேஜில் சாப்பாடு கொண்டுபோக ஒரு வண்டி இருக்கிறது. ரோபோ என்கிறார்கள். முழங்கால் உயரம், ஆறு சக்கரம், மேலே மூடி, பின்னால் ஒரு சின்னக் கொடி. கேன்டீனிலிருந்து ஹாஸ்டலுக்குத் தானே வழி பார்த்துப் போகும். ஆனால் இந்த ஊர் நாய்களையும் பள்ளங்களையும் அதனால் சமாளிக்க முடியவில்லை. அதனால் பின்னால் நடக்க ஒரு ஆள் போட்டார்கள். அது நான். நாயை விரட்டுவேன். பள்ளத்தில் மாட்டினால் தூக்கிவிடுவேன். ஊரில் கேட்கிறவர்களிடம் டிரைவர் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த வருஷம் புதுப் பிள்ளைகள் வந்ததும் வேலை மாறியது. பிள்ளைகளைக் கவனிக்கிற மேடம் கூப்பிட்டுச் சொன்னார். முதல் வருஷத்துப் பிள்ளைகள் சாப்பாட்டை ரூமுக்கே வரவழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, போனைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிடுகிறார்கள். யாருக்கும் யாரையும் தெரியவில்லை. இனிமேல் வண்டி வாசலுக்குப் போகாது. வேறு வேறு ஊர்ப் பிள்ளைகள் நாலு பேருடைய சாப்பாடு ஒரே பெட்டியில் வரும். மரத்தடியில் நிற்கும். நாலு பேரும் வந்து அவரவர் நம்பரைப் போட்டால்தான் மூடி திறக்கும். வழியில் மாட்டிக்கொண்டால் அவர்களே சேர்ந்து வந்து தூக்கட்டும். "தும் ஹாத் மத் லகானா" என்றார். நான் கை வைக்கக் கூடாதாம். அப்புறம் நான் எதற்கு என்று கேட்டேன். பார்த்துக்கொண்டு நில் என்றார். வேலையைவிட்டு எடுக்கத்தான் இப்படிச் சுற்றி வளைக்கிறார் என்று நினைத்து, நாயையாவது விரட்டலாமா என்றேன். அவர் சிரித்துவிட்டு, அதைச் செய்யலாம் என்றார்.

சும்மா நிற்பதும் அலுப்புதான். வண்டி நடைபாதை விளிம்பில் ஏறி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சக்கரம் வெறுமனே சுற்றும். பிள்ளைகள் பசியோடு வந்து, "அங்கிள், கடே க்யூன் ஹோ?" என்று என்மேல் எரிந்து விழுவார்கள். ஏன் மரம் மாதிரி நிற்கிறாய் என்று அர்த்தம். மேடம் சொன்னதை அவர்களிடம் சொன்னால் காரியம் கெட்டுவிடும். அதனால் வாயைத் திறப்பதில்லை. திட்டிக்கொண்டே தூக்குவார்கள். தூக்கின பிறகு ஒருவர் பேரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

நான் இந்த ஊருக்கு வந்தபோதும் இப்படித்தான். எனக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம். எட்டாவதோடு நின்றவன். கரோல் பாகில் ஒரு துணிக் குடோனில் மூட்டை தூக்கினேன். சுற்றிலும் இந்தி. யாரோடும் பேச்சு இல்லை. ஒரு மழையில் குடோன் டெம்போ பூசா ரோட்டில் நின்றுபோனது. என்னோடு இரண்டு பீகார்க்காரர்கள். மூன்று பேரையும் இறங்கித் தள்ளச் சொன்னார்கள். அவர்கள் டெம்போவையும் முதலாளியையும் சேர்த்துத் திட்டினார்கள். நான் தமிழில் திட்டினேன். அது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அன்று டீ வாங்கும்போது எனக்கும் ஒரு கிளாஸ் வந்தது. அதனால் மேடத்தின் யோசனை தப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

சுகன்யா ராசிபுரத்துப் பெண். முதல் வருஷம். ஒருநாள் நான் போனில் என் மனைவியோடு பேசுவதைக் கேட்டுவிட்டுக் கிட்டே வந்தாள்.

"நீங்க தமிழுங்களாண்ணா?"

"ஆமாம்மா."

அவ்வளவுதான். அழுதுவிட்டாள். பிறகு தினமும் வந்தாள். பெட்டி திறந்ததும் மற்ற மூன்று பேரும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இவள் மட்டும் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நிற்பாள். ரூமில் எல்லாரும் இந்தியில் பேசிச் சிரிக்கிறார்களாம். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று இருக்கிறதாம். "ஆயுத பூஜை லீவுக்கு அப்பா வர்றாருங்ணா. முடியலைன்னா டிசி வாங்கிட்டு வந்துருன்னு சொல்லிட்டாரு. போனா அவ்ளோதானுங்க. மாப்பிள்ளை பாத்துருவாங்க."

"படிக்கணும்னு இருக்கா?"

"இருக்குதுங்ணா. ஆனா இங்க இருக்க முடியலைங்க. நீங்க ஒருத்தர்தான் ஆறுதல்."

எனக்கும் அது ஆறுதல்தான். எங்கள் பையன் இங்கேயே பிறந்தவன். தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்வான். மனைவி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து படுத்தால் பேசத் தெம்பிருக்காது. இந்தப் பெண் பேசுகிற கால் மணி நேரத்தில் கால்வலி தெரியாது. ஆனால் பார்த்துக்கொண்டே நிற்கிறவனுக்குச் சிலது கண்ணில் படும். நான் அங்கே இல்லையென்றால் இவள் அந்த மூன்று பேரோடு உட்கார்ந்திருப்பாள். வேறு போக்கிடம் இல்லை. வண்டி ஒன்றுசேர்க்கிற பிள்ளைகளை நான் பிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவள் "அண்ணா" என்றதும், "ஜாவ் பேட்டா, உதர் பைட்டோ" என்றேன். போய் அங்கே உட்கார் என்று. விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "ஏங்ணா இந்தில பேசறீங்க? நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" என்றாள். "ட்யூட்டி மே ஹூம்" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வேலையில் இருக்கிறேன் என்று. அவள் பொட்டலத்தைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

மனைவியிடம் சொன்னேன்.

"ஏன், பேசினா உன் வாய்ல இருந்து முத்து உதுந்துடுமா?"

"அதுக்கு இல்ல."

"அந்தப் பொண்ணுக்கும் பேச ஆளு இல்ல, உனக்கும் இல்ல. அந்த மிசினு பின்னாடி நடந்து நடந்து நீயும் மிசினாயிட்ட."

அடுத்த நாட்களில் சுகன்யா தனியாக வந்தாள், நம்பரைப் போட்டாள், மூடி திறந்ததும் பொட்டலத்தோடு ரூமுக்குப் போனாள். யாரோடும் உட்காரவில்லை. தப்புச் செய்துவிட்டேன் என்றுதான் பட்டது. ஆயுத பூஜைக்கு அதிக நாள் இல்லை.

அப்புறம் ஒரு மழை. வண்டி ஹாஸ்டல் பின்பக்கச் சேற்றில் பாதிச் சக்கரம் வரை இறங்கிவிட்டது. உள்ளே நாலு பேர் சாப்பாடு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மூன்று பேர் இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. சுகன்யா வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சேற்றில் இறங்கினாள். "பாரு, கல்லு மாதிரி நிக்கிறதை. இதெல்லாம் ஒரு மனுசன். இதுக்குச் சம்பளம் வேற" என்று தமிழில் திட்டிக்கொண்டே தள்ளினாள். பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்த உயரமான பஞ்சாபிப் பெண், "க்யா போலி?" என்று கேட்டாள். என்ன சொன்னாய் என்று. சுகன்யா இந்தியில் வார்த்தை தேடினாள். பிறகு சொன்னாள்: "யே அங்கிள் கிசி காம் கா நஹி."

எந்த வேலைக்கும் உதவாத ஆள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழு இந்தி வாக்கியம் அது. நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த வேகத்தில் வண்டி மேலே வந்தது. சேற்றுக் கையோடு வராந்தாவில் உட்கார்ந்து நாலு பேரும் சாப்பிட்டார்கள். பஞ்சாபிப் பெண் என்னைப் போலவே கையைப் பின்னால் கட்டி நின்று காட்டினாள். மறுபடியும் சிரிப்பு. நான் வண்டியைக் கழுவக் கொண்டுபோனேன்.

அதற்குப் பிறகு அவள் என் பக்கம் வரவில்லை. அந்தப் பெண்களோடுதான் எந்நேரமும். ஒருநாள் நான் பாதையில் நின்றுகொண்டிருந்தேன். நாலு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள். "பையா, தோடா சைட்" என்றாள் சுகன்யா. அண்ணா, கொஞ்சம் ஒதுங்குங்கள் என்று, கடைக்காரரிடம் சொல்வது போல. ஒதுங்கி வழிவிட்டேன்.

லீவு வந்தது. கேட்டில் ஒருவர் பையோடு நின்று, ஸ்டேஷனுக்குப் போக ஆட்டோக்காரரிடம் கையால் பேசிக்கொண்டிருந்தார். பேச்சில் ராசிபுரம் தெரிந்தது. நான் போய் இந்தியில் பேரம் பேசி முடித்தேன். அவரிடம், "ஏறிக்குங்க, ஸ்டேஷன் வாசல்லயே எறக்கிடுவாரு" என்றேன். அவருக்கு முகம் மலர்ந்தது. உள்ளே உட்கார்ந்துகொண்டு தானாகவே சொன்னார்:

"பொண்ணைக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேனுங்க. வரமாட்டேன்னு சொல்லிப்போட்டா. கூட்டாளிக சேந்துட்டாங்களாமா. லீவுக்குக்கூட வரலைங்கறா."

"நல்லதுங்க."

"ஆமாங்க. நல்லதுதான்." பக்கத்தில் காலியாக இருந்த சீட்டில் பையை நகர்த்தி வைத்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "தமிழ் நல்லாப் பேசறீங்க. சொந்த ஊரே டெல்லிங்களா?" என்று கேட்டார்.

அதே நேரத்தில் ஆட்டோக்காரரும் திரும்பி, "ஆப் கே காவ் கா ஆத்மி ஹை?" என்றார். உங்கள் ஊர்க்காரரா என்று.

நான் தலையை ஆட்டினேன். இரண்டு பேரும் அதைத் தங்களுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். ஆட்டோ கிளம்பியது.